பூசாமல் விட்ட இடம்

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் திடமாகத்தான் இருக்கிறேன். அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறவிடாதீர்கள்.

இவரைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றும் இல்லை. நவம்பரில் விழுந்தவருக்கு வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் இன்னும் திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் "ஆ" என்ற ஒரே சத்தம்தான். இடது கையில் பென்சில் கொடுத்துப் பார்த்தேன். கோடு கோடாக இழுத்துவிட்டுத் தூக்கி எறிந்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா, "முதல் வருஷம்தாங்க முக்கியம். தினமும் பயிற்சி குடுத்தா வார்த்தை திரும்பி வரும். விட்டுட்டா வராது" என்று கறாராகச் சொல்லிவிட்டார். தினமும் என்றால் என் தையல் மெஷின் ராப்பகலாக ஓடினாலும் கட்டாது.

அதனால் காரை விற்கப்போகிறேன். பதினொரு வருஷம் ஷெட்டுக்குள் இவர் குடித்தனம் நடத்தினாரே, அதே சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்தான். இவரிடம் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கிடந்துவிட்டு, சரி என்று தலையசைத்தார்.

கார் புரோக்கர் ஒருவர் வந்து பார்த்தார். "இது சாதா வண்டிம்மா. பந்தய வண்டி மாதிரி வேஷம் போட்டிருக்கு" என்றார். இவர் என்னிடம் சொல்லியிருந்தது வேறு. அந்தக் கம்பெனி பந்தயத்துக்கென்றே தனியாகச் செய்த இருபத்திரண்டில் இது ஒன்று என்பார். எனக்கு எல்லாம் ஒன்றுதான். நாலு சக்கரம், உட்கார இரண்டு இடம், ஒரு காய்கறிப் பை வைக்கக்கூட வழியில்லை. எது அசல், எது ஒட்டுப்போட்டது, எவ்வளவு கேட்கலாம் என்று சொல்ல உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? நீங்கள் சொன்ன விலையை யாரும் மறுத்துப் பேசுவதில்லையாமே.

பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் தங்கை


பிப்ரவரி 27

அன்புத் தங்கைக்கு ஆசிகள்.

இங்கே எல்லோரும் சுகம். அண்ணியைவிட அவள் முழங்கால்தான் வீட்டில் அதிகம் பேசுகிறது. மாப்பிள்ளைக்கு வார்த்தை ஏதாவது வந்ததா? அதை முதலில் எழுது.

விலை கேட்டிருக்கிறாய். விலை கடைசிச் சமாசாரம். வண்டி யார் என்று முதலில் தெரியவேண்டும். புதுப்பித்த கார் எதுவும் மணப்பெண் மாதிரி மினுக்கத்தான் செய்யும். நான் பார்ப்பது மினுக்கு எட்டாத இடங்களை. சீட்டுக்குப் பின்னால், டாஷ்போர்டுக்கு அடியில், கதவின் உள்பக்கம். நம்பர் தகட்டை எந்தப் பட்டறையிலும் ஒரு மத்தியானத்தில் அடித்துவிடலாம். அதை நம்பி விலை சொல்கிறவன் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

உன் வண்டியில் சாதா மாடலுக்கும் பந்தய மாடலுக்கும் வெளியே வித்தியாசமே கிடையாது. விலையில் உண்டு. சாதா என்றால், விற்ற காசில் ஒரு புதுச் சின்னக் கார் வரும். பந்தய மாடல் என்று நிரூபித்தால் உன் தெருவில் ஒரு வரிசை வீடுகளை வாங்கிப் போடலாம். நிரூபித்தால்.

நாற்பது போட்டோ எடு. நான் சொன்ன மூலைமுடுக்கெல்லாம் வரவேண்டும். அளவு தெரிய உன் டேப்பைப் பக்கத்தில் வைத்து எடு. நெகட்டிவையும் சேர்த்து அனுப்பு, பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

கார்க் கண்காட்சியில் ஒரு தடவை, நான் அசல் என்று சான்று கொடுத்த வண்டியின் கதவைத் தட்டிப் பார்த்து, முப்பது பேர் நடுவில் மாப்பிள்ளை, "மச்சான், இந்தக் கதவுக்கு வயசு ரெண்டுதான்" என்று சிரித்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கப்புறம் என்னைப் பார்க்கிறவனெல்லாம், "சார், கதவு சௌக்கியமா?" என்று கேட்டான். ரொம்ப நாள் கேட்டான். நான் அதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டேன். மாப்பிள்ளையிடம் சொல்.

உன் அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

இவருக்கு வார்த்தை இன்னும் வரவில்லை. நான் கேட்டதற்கு ஆமாம், இல்லை என்று தலையசைப்பதோடு சரி. அண்ணிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பாருங்கள்.

நாற்பது போட்டோவும் நெகட்டிவும் இத்துடன் இருக்கின்றன. டேப் எல்லாப் படத்திலும் இருக்கிறது. பதினான்காம் இஞ்சில் கிழிந்து நான் நீல நூலால் தைத்த அதே டேப்தான். போட்டோ எடுக்கிற சாக்கில்தான் ஷெட்டை முழுசாகப் பார்த்தேன். ஸ்பேனர்களை அளவு வாரியாக மாட்டி வைத்திருக்கிறார். இந்த மனிதர் வீட்டில் ஒருநாளும் செருப்பை ஜோடியாகக் கழற்றியதில்லை.

முப்பத்தியோராவது படத்தைப் பாருங்கள். சீட்டுகளை முன்னால் தள்ளினால் பின்னால் ஒரு தகரத் தடுப்பு இருக்கிறது. அதில் உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் பூசாமல் விட்டிருக்கிறார். சுற்றிலும் சிவப்பு கண்ணாடி மாதிரி மின்னுகிறது. நடுவில் சாம்பல் நிறம், அதன்மேல் மெழுகுப் பென்சிலில் எழுதிய மாதிரி நாலைந்து எழுத்தும் எண்ணும், ஒரே கிறுக்கல். அதை முடிப்பதற்குள் விழுந்துவிட்டார் போலிருக்கிறது. பதினொரு வருஷ வேலையில் அவ்வளவுதான் பாக்கி. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்கள் தங்கை


மார்ச் 13

அன்புத் தங்கைக்கு ஆசிகள்.

உன் தபால் இன்று காலை வந்தது, இன்றே பதில் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம்.

படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்ல நாளாகும். அதற்குள் ஒரு சின்ன வேலை. முப்பத்தியோராவது படம். நீ நினைத்தது சரி, அது முடியாத வேலை. அந்தக் கிறுக்கல் பழைய இரும்புக் கடையில் போடுகிற அடையாளம். வாங்க வருகிறவன் கண்ணில் பட்டால் வண்டியே இரும்புக் கடையிலிருந்து வந்தது என்று பாதி விலைக்கு அடித்துப் பேசுவான். துணியைத் தின்னரில் நனைத்து அழுத்தித் தேய். கிறுக்கல் மட்டும் போனால் போதாது, சாம்பல் நிறமும் போய்த் தகரம் தெரியவேண்டும். அப்புறம் ஷெட்டில் மிச்சமிருக்கிற சிவப்பை இரண்டு கை பூசு. எத்தனை துணியில் கறை எடுத்திருக்கிறாய், உனக்கு இது ஒரு வேலையா?

செய்து முடித்ததும் ஒரு வரி போடு. யாரிடமும் யோசனை கேட்காதே, ஆளுக்கொன்று சொல்லிக் குழப்புவார்கள்.

மாப்பிள்ளைக்குப் பேச்சு வந்ததா? வந்தால் என்ன சொல்கிறார் என்று எழுது.

உன் அண்ணன்


மார்ச் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் இவ்வளவு சீக்கிரம் வந்ததிலேயே எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. அண்ணியும் நீங்களும் நன்றாக இருக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன வேலையை ஞாயிற்றுக்கிழமை காலையில் முடித்துவிட்டேன். இவரும் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று சக்கர நாற்காலியை ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு போய், கார்க் கதவைத் திறந்துவைத்து, நான் செய்வது தெரிகிற மாதிரி உட்காரவைத்தேன். "நீங்க விட்ட வேலைய நான் முடிக்கிறேன் பாருங்க" என்றேன். தின்னர் நாற்றம் மண்டையைப் பிளந்தது. துணியை வைத்ததுமே கிறுக்கல் கரைந்துவிட்டது. சாம்பல் நிறம்தான் லேசில் விடவில்லை, முக்கால் மணி நேரம் பிடித்தது.

அண்ணா, நவம்பருக்குப் பிறகு இவருக்கு இப்படி ஒரு உணர்ச்சி வந்து நான் பார்க்கவில்லை. "ஆ, ஆ" என்று விடாமல் சத்தம். இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "போதும், கை வலிக்கப்போவுது" என்று அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துவிட்டு வந்து மறுபடி தேய்த்தேன். சந்தோஷத்தில்தான் என்று நினைக்கிறேன். ஷெட்டு வேலையில் இவர் என்னைச் சேர்த்துக்கொண்டதே இல்லை. கடைசியில் நானும் ஒரு கை கொடுத்தேனே என்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு கை பூசிக் காய்ந்துவிட்டது. இப்போது எது அவர் பூசியது, எது நான் பூசியது என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் தங்கை


மே 2

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆறு வாரமாகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தொந்தரவு செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். பயிற்சி கொடுக்கிற அம்மா வாரத்துக்கு ஒருநாள்தான் வருகிறார், அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஆனாலும் முந்தாநாள் இவர் "க" என்று சொல்லிவிட்டார். ஒரு எழுத்து பிடிபட்டால் மற்றது மளமளவென்று வருமாம். அந்த அம்மாவே கைகொட்டினார்.

தினமும் ஷெட்டுப் பக்கம் கையைக் காட்டுகிறார். கூட்டிக்கொண்டு போனால் காரைப் பார்ப்பதில்லை, என்னையே பார்க்கிறார். அது என்ன பார்வை என்று எனக்குத் தெரியவில்லை.

விலை என்ன என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் தங்கை


மே 7

அன்புத் தங்கைக்கு ஆசிகள்.

மாப்பிள்ளைக்கு "க" வந்ததில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவரைப் படுத்தாதே, மெல்ல வரட்டும்.

என் தீர்ப்பைக் கறாராகவே எழுதுகிறேன். தொழில் என்று வந்தால் எனக்குத் தங்கை, தம்பி கிடையாது. வேலை சுத்தம். கம்பெனி பூசிய பெயின்டைவிட மாப்பிள்ளை பூசியது நன்றாக இருக்கிறது, அதுதான் குறையே. எஞ்சினைப் பிரித்துப் புதுச் சாமான் போட்டிருக்கிறார். சீட்டுத் தோல் புதிது. கம்பெனியின் கை ஒரு இடத்திலாவது தெரிந்தால்தான் பந்தய மாடல் என்று நான் வாயைத் திறக்க முடியும். இந்த வண்டியில் தலை முதல் கால் வரை மாப்பிள்ளையின் கைதான். அந்தப் புரோக்கர் சொன்னது சரி. சாதா வண்டி, வேஷம் கட்டியது.

நீ கேட்கக்கூடிய நியாயமான விலை, ஒரு புதுச் சின்னக் காரின் விலை. எனக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருவர் அதைப் பேரம் பேசாமல் கொடுப்பார். அடுத்த வாரமே லாரியோடு வருவார்.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கு உரக்கப் படித்துக்காட்டு. உடம்பு சரியில்லாதவர் என்று மறைக்காதே. பதினொரு வருஷத்தை எதில் போட்டார் என்று அவருக்கும் தெரியவேண்டும் இல்லையா? நானே சொன்னேன் என்று சொல்.

உன் அண்ணன்


மே 29

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணிக்கு வலி குறைந்ததா?

பல் டாக்டர் வந்தார், சொன்ன விலையைக் கொடுத்தார், ரசீது எழுதி வாங்கிக்கொண்டார். விசித்திரமான மனிதர். எஞ்சினை அவர் பார்க்கவே இல்லை. நேராகக் கதவைத் திறந்து, சீட்டைத் தள்ளி, நான் பூசின இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மூடினார். பழக்க தோஷத்தில் கடைவாயைத்தான் முதலில் பார்ப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துக்காட்டினேன். "தலை முதல் கால் வரை மாப்பிள்ளையின் கைதான்" என்ற இடத்தில், கொடு என்று கையை நீட்டினார். கொடுத்தேன். உங்கள் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். பாதி முகம் மட்டும் சிரித்தால் எப்படி இருக்கும் என்று அதுவரை நான் பார்த்ததில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது பயிற்சிக்குத் தினமும் ஆள் வருகிறது. இவர் வாயைத் திறப்பதில்லை. "வரலன்னு இல்லம்மா, வேணாம்னு இருக்காரு" என்கிறார் அந்த அம்மா. படிக்காமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. நீங்கள் சொன்னதால் படித்தேன்.

உங்கள் தங்கை


ஆகஸ்ட் 25

அன்புத் தங்கைக்கு,

தந்தி கிடைத்தது. இடிந்துபோய்விட்டோம். மாப்பிள்ளை மாதிரி ஒரு கைக்காரர் இனிப் பிறந்துதான் வரவேண்டும். உடனே கிளம்பி வரத்தான் நினைத்தேன். ஒரு ஏல வேலை கழுத்தைப் பிடித்துவிட்டது. அண்ணிக்கும் முழங்கால். மனசைத் தேற்றிக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

கடைசிவரை பேச்சு வரவில்லை என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். பாவம்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். முப்பத்தியோராவது போட்டோவை மார்ச் முதல் வாரத்தில் உன் ஷெட்டில் நீயே எடுத்தாய் என்று இரண்டு வரி, அவ்வளவுதான். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடு. வழக்கமான காகித வேலை, நீ படிக்கக்கூட வேண்டாம். துக்கத்தில் இருப்பவளை அவசரப்படுத்த எனக்கு மனசில்லை. மறு தபாலில் அனுப்பினால் போதும்.

உன் அண்ணன்


செப்டம்பர் 16

அண்ணனுக்கு,

தாளில் கையெழுத்துப் போடவில்லை. எதற்கு என்று தெரியாமல் நான் துணியில்கூடக் கத்தரி வைப்பதில்லை. அது மேஜைமேல் கிடந்தது.

நேற்று ஒரு பெண் வந்தார். ஏலத்துக்கு வரும் பழைய வண்டிகளைச் சோதித்து, அசலா இல்லையா என்று சொல்கிறவராம். நீங்கள் சான்று கொடுத்த ஒரு வண்டியில் சந்தேகம் என்று விலாசம் தேடி வந்திருக்கிறார். கையில் ஏலக்காரர்களின் பளபளப்பான புத்தகம். அதில் நம் கார். பக்கத்தில் முப்பத்தியோராவது போட்டோ, அதில் என் டேப், நீல நூல் தையல். கேட்கும் விலைக்கு எங்கள் தெருவில் இரண்டு வரிசை வீடும் வரும். விற்கிறவர்கள் என்று பல் டாக்டர் பெயரும் உங்கள் பெயரும் போட்டிருந்தது.

"இந்த டேப் யாரோடதும்மா?" என்று கேட்டார்.

"என்னோடதுதான்" என்றேன். "அந்தக் கிறுக்கலைத் தெரியுமா உங்களுக்கு?"

"கிறுக்கலா? பந்தய வண்டி செய்யும்போது கம்பெனி மேஸ்திரி தகரத்துல ஆர்டர் நம்பரைக் கையால எழுதுவாரு. அதுமேல பெயின்ட் ஏறிடும். சாதா வண்டிக்கு இது கிடையாது. இந்த வண்டிக்கு இதுதாங்க பிறப்புச் சான்றிதழ்."

"அவர் பூசாம விட்ட இடம்னு நெனைச்சேன்."

"பூசாம விடலம்மா. பூசினதை எடுத்திருக்காரு. கீழே இருக்கிற எழுத்து கலையாம மேல இருக்கிற பெயின்டை மட்டும் பிளேடால சொரண்டி எடுக்கணும். மாசக்கணக்கான வேலை. இவ்வளவு சுத்தமா எடுத்து நான் பாத்ததில்ல. ஆனா வண்டியில இப்ப அது இல்ல, போட்டோதான் இருக்கு. யாரு அழிச்சது?"

சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எழுத்து வண்டியில் இருந்தால் எந்தப் புரோக்கரும் ஒருநாள் கண்டுபிடிப்பான். அழித்துவிட்டால், நெகட்டிவ் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் அந்த வண்டியின் விலை இருக்கும். இது எனக்குப் புரிய ஒரு குடம் நிரம்புகிற நேரம் பிடித்தது. உங்களுக்கு அன்று காலைத் தபாலைப் பிரித்ததுமே புரிந்திருக்கும்.

இவர் கைப்பிடியைத் தட்டினதைச் சந்தோஷம் என்று உங்களுக்கு எழுதினேன். அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துவிட்டுப் போய்த் தேய்த்தேன். அதற்கப்புறம் அஞ்சு மாசம் அவருக்கு நான்தான் சோறு ஊட்டினேன், அண்ணா. வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. மார்ச் 13-ஆம் தேதி எனக்கு எழுதும்போதே உங்களுக்குத் தெரியுமா?

தங்கை


செப்டம்பர் 20

அன்புத் தங்கைக்கு ஆசிகள்.

அண்ணி உன்னை ரொம்ப விசாரித்தாள்.

உணர்ச்சிவசப்பட்டு எழுதியிருக்கிறாய். நிதானமாகக் கேள். நான் அங்கே வரவே இல்லை. துணியைப் பிடித்தது உன் கை. புருஷன் எதிரில் உட்கார்ந்து கத்துகிறார், கையால் அடித்துக்கொள்கிறார், அழுகிறார். பார்த்துக்கொண்டே முக்கால் மணி நேரம் தேய்த்தது நீ. பதினேழு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது சந்தோஷமாகத் தெரிந்ததென்றால் நான் என்ன செய்ய? இது வெளியே போனால் ஊர் யாரைப் பார்த்துக் காறித் துப்பும் என்று யோசி. அந்தப் பெண்ணிடம் எதையும் உளறிவைக்காதே.

கையெழுத்துப் போட்டு அனுப்பு. விற்றதும் மூன்றில் ஒரு பங்கு உனக்கு. உட்கார்ந்து சாப்பிடலாம், மெஷின் மிதிக்க வேண்டாம்.

தெரியுமா என்று கேட்டாய். முப்பது வருஷமாக வேறு என்ன வேலை பார்க்கிறேன்? மாப்பிள்ளைக்கு என் கதவு தெரிந்த மாதிரி எனக்கு அவர் தகரம் தெரிந்தது.

உன் அண்ணன்


அக்டோபர் 4

அண்ணனுக்கு,

அண்ணியின் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். இனி அவருக்கு அலைச்சல் அதிகம்.

தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். இரண்டு வரி போதாமல் பின்பக்கமும் எழுத வேண்டியிருந்தது. அழித்தது என் கை என்பதை முதல் வரியாக எழுதினேன், நீங்கள் கஷ்டப்பட்டு ஞாபகப்படுத்தியதால். யார் சொல்லி என்பது இரண்டாவது வரி. உங்கள் கடிதங்கள் ஐந்தையும் கேட்டார், கொடுத்தேன். மார்ச் 13 கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இது அசல்தான்" என்றார்.

கார் பந்தய மாடல்தான் என்று ஊர்ஜிதமாகிவிட்டது. எனக்கு அதில் ஒரு நயா பைசா கிடையாது, பல் டாக்டரிடம் ரசீது இருக்கிறது. உங்களுக்கும் கிடையாது. டாக்டர் உங்களை ஏதோ கண்காட்சியில் பார்த்த முகம் என்கிறாராம். பழைய கார்ச் சங்கம் உங்கள் பெயரை எடுத்துவிட்டது. நீங்கள் இதுவரை அசல் என்று சொன்ன வண்டிகள் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்கப்போகிறார்களாம். எங்கே ஆரம்பிப்பது என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். அந்தக் கதவிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன்.

ஊர் என்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததைவிட அவர்களுக்கு ஒன்றும் கூடுதலாகத் தெரிந்துவிடப் போவதில்லை. இனிமேல் எனக்கு எழுதாதீர்கள்.

நேற்று ஷெட்டைக் கழுவினேன். சக்கர நாற்காலியை வெயிலில் போட்டுத் துடைத்தபோதுதான் பார்த்தேன். இடது கைப்பிடியில் ரெக்சின் பிய்ந்து, உள்ளே பஞ்சு தெரிகிறது, மூன்று விரல் அளவு. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஒரு துண்டு வைத்துத் தைக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகாது. தைக்காமல் விட்டிருக்கிறேன்.

கார்ப் பட்டறைக்காரரின் மனைவி